பொம்மசந்திரா ஏரிக்கரையில் நாங்கள் டென்ட் அடித்த விவரம்

அல்சூர், பெங்களூர்
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை, 1956

பாசமும் மரியாதையும் நிறைந்த மச்சான் கிருஷ்ணப்பா அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் வெங்கடசாமி கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கை சரசுவும், குழந்தை வள்ளியும், எங்களோடு தங்கி நர்ஸ் படிப்புப் படிக்கும் தங்கள் சின்னத் தங்கை செண்பகமும் சுகமாக இருக்கிறோம். சுகம் என்று மரியாதைக்கு எழுதுகிறேன்; உண்மையில் வீட்டில் எல்லோருக்கும் ஜலதோஷம், ஒருவர் தும்மி முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுகிறார், இந்தக் காகிதத்தில் ஆங்காங்கே மை பரவியிருப்பதற்கு அதுவே காரணம். தங்கவயலில் தாங்களும் சந்திரம்மா அக்காவும் பிள்ளைகளும் தும்மல் இல்லாமல் நலமாக இருக்க சோமேசுவரரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன கடிதத்தில் தாங்கள், "லைன்மேன் தாஸ் நம் செண்பகத்தைக் கேட்கிறான் என்கிறீர்கள், சரி, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத ஆளை எதை நம்பி ஒத்துக்கொள்வது? நீங்கள் பக்கத்திலிருந்து நன்றாகப் பார்த்து எழுதுங்கள் மாப்பிள்ளை. சரிப்படாது என்றால் இங்கே மேஸ்திரி மகனுக்குத் தை மாதத்தில் பேசி முடித்துவிடுகிறேன்" என்று எழுதிப் பெரிய பொறுப்பை என் தலையில் வைத்தீர்கள். பார்ப்பது என்றால் எங்கே பார்ப்பது மச்சான்? தாஸை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீ எப்படி இருக்கிறது என்றேன், "பரவால்ல" என்றான். வேலை எப்படி என்றேன், "பரவால்ல." போன மாதம் மின்சாரக் கம்பத்திலிருந்து கீழே விழுந்தாயாமே, அடி எப்படி என்றேன். அதற்கும் "பரவால்ல"தான். ஆள் ஆறடிக்கு மேல் உயரம். அவ்வளவு உயரத்திலிருந்து பேச்சு கீழே இறங்கி வருவதற்குள் பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது போலிருக்கிறது என்று சரசுவிடம் சொன்னேன். "அந்தாளாவது பரவால்லன்னு சொல்றாரு. நீங்க டீய வாயில வைக்கும் முன்னயே குத்தம் சொல்றவராச்சே" என்று அவள் பேச்சை என் பக்கமே திருப்பிவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் டென்ட் வந்து சேர்ந்தது. இந்த மாதம் பெய்கிற மழையில் எங்கள் வீட்டு ஓடு ஒழுகுவது தங்களுக்குத் தெரியும். மேலே போட ஒரு தார்ப்பாய் வாங்கலாம் என்று ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம், பட்டாளத்துப் பழைய சாமான்கள் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார பாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தார்ப்பாய் எதுக்கு சாமி, ஒங்க மாதிரி ஆளுக்கு முழு டென்ட்டே இருக்கு, பெரிய பெரிய ஆபீசருங்க படுத்துத் தூங்கினது" என்றார். 'ஒங்க மாதிரி ஆளுக்கு' என்று அவர் சொன்ன விதம் இருக்கிறதே, அதற்குப் பிறகு தார்ப்பாய் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மூட்டையை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் பிரித்தேன். பிரித்துக்கொண்டே போனேன். கூடம் நிறைந்தது, சமையலறை நிறைந்தது, வாசல் வழியாகத் தெருவுக்கும் போயிற்று, இன்னும் பாதி மடிப்பிலேயே இருந்தது. சரசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒழுகற ஓட்டுக்கு ஒரு துணி வாங்கியாரச் சொன்னா, இன்னொரு வூட்டையே வாங்கியாந்திருக்கீங்களே! இத எங்க வைக்கறது, ஒங்க தலையிலயா?" அப்போதுதான் எனக்கு அந்த யோசனை மின்னல் மாதிரி வந்தது. எங்கள் பாக்டரியில் முன்பு இருந்த வெள்ளைக்கார ஃபோர்மன் வருஷம் ஒருமுறை காட்டுக்குப் போய் டென்ட் அடித்துவிட்டு வருவார். ஒரு ஆளின் குணம் தெரிய வேண்டுமானால் அவனோடு ஒருநாள் டென்ட்டில் தங்கினால் போதும் என்று அடிக்கடி சொல்வார். டென்ட் கையில் இருக்கிறது, குணம் தெரிய வேண்டிய ஆளும் இருக்கிறான், இனி என்ன வேண்டும்? வாங்கிய டென்ட் வீண் இல்லை என்று சரசுவுக்கும் காட்டினாற்போல ஆயிற்று.

வண்டி வேண்டுமே என்றபோது பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் முன்வந்தார். அவர் பேக்கரி வேன் ஓட்டுகிறவர் என்பது தங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை அத்திபெலே கடைகளுக்கு பன் கொண்டுபோய்ப் போட வேண்டும், அந்தச் சாக்கில் முதலாளியிடம் சொல்லிவிட்டு வேனை மறுநாள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று அவரே ஏற்பாடு செய்தார். "ஃபுல் பிக்னிக் மேன்! ஏரி, ஃபயர், பாட்டு! மழையெல்லாம் சனிக்கிழமை நின்னுடும், என் முட்டி வலி சொல்லுது" என்றார். அவர் முட்டியை நம்பியது என் முதல் தவறு. சனிக்கிழமை காலையில் அல்சூர் முழுக்க ஒரே தண்ணீர். சரசு ஒரு நாள் பயணத்துக்கு ஒரு குடித்தனத்தையே கட்டி வைத்திருந்தாள். குண்டான், கரண்டி, ஸ்டவ், அரிசி மூட்டை எல்லாம் போக, அம்மிக்கல்லும் வாசலில் இருந்தது. அம்மி எதற்கு என்று கேட்டேன். "காட்டுல தொவையல் யாரு அரைச்சுக் குடுப்பா, ஒங்க ஃபோர்மன் தொரையா?" என்றாள். தாஸ் ஒன்றுமே சொல்லாமல் அம்மியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய் வேனில் ஏற்றினான். இதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

மச்சான், பேக்கரி வேனில் தாங்கள் போனதுண்டா? போகாதீர்கள். அதில் ஜன்னல் கிடையாது, இருக்கை கிடையாது, பன் தட்டுகள் அடுக்கும் பலகைகள்தான் இரண்டு பக்கமும். நாங்கள் நடுவில் அம்மியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஓஸ்வால்ட் கதவைச் சாத்தியதும் உள்ளே கும்மிருட்டு, சூடான பன் வாசனை, வள்ளிக்கு ஒரே குதூகலம். கொஞ்ச நேரத்தில் வேன் நின்றது. வந்துவிட்டோம் என்று காத்திருந்தோம். கதவு திறக்கவில்லை. அந்தக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். தட்டினோம், கத்தினோம், கடைசியில் சரசு கரண்டியால் குண்டானை அடித்தாள். விஷயம் என்னவென்றால் ஓஸ்வால்ட் பொம்மனஹள்ளியில் டீ குடிக்க இறங்கியவர் எங்களை அடியோடு மறந்துவிட்டு, டீக்கடைக்காரரிடம் தன் முட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ரொட்டி வண்டிக்குள்ளிருந்து பெண் குரலும் தாளமும் வருவதைக் கேட்டு டீக்கடைக் கூட்டம் முழுக்க வேனைச் சுற்றி நின்றதாம். கதவு திறந்ததும் முதலில் நான் தலையை நீட்டினேன். ஒரு பெரியவர் கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். செண்பகம் சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கலே வந்துவிட்டது. அந்த விக்கலுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவன் தாஸ். இதையும் குறித்துக்கொண்டேன்.

பொம்மசந்திரா தாண்டி, ஏரிக்கரையில் நான் போன மாதம் அந்த வழியாகப் போனபோது பார்த்திருந்த ஒரு இடத்துக்கு வேனைத் திருப்பச் சொன்னேன். நான் பார்த்தபோது அது புல்தரை. சனிக்கிழமை அது ஏரியாகவே மாறிக்கொண்டிருந்தது. வேனின் பின்சக்கரம் இரண்டும் 'களக்' என்று ஒரு சத்தத்தோடு சேற்றில் இறங்கி உட்கார்ந்தன. அந்தச் சத்தத்தில் இனிமேல் எழுந்திருக்க மாட்டேன் என்கிற முடிவு தெரிந்தது. மழையோ சாரலாகவும் இல்லாமல் அடைமழையாகவும் இல்லாமல் ஊசி மாதிரி குத்துகிறது. ஏரிப் பக்கமிருந்து வருகிற காற்றில் பல் தந்தியடிக்கிறது. நான் "டென்ட்டைப் பிரி" என்று சொன்னது "டெ-டெ-டெட்டைப் பிரி" என்றுதான் வெளியே வந்தது. டென்ட்டோடு இரண்டு கம்பம் வர வேண்டும், ஒன்றுதான் வந்திருந்தது. தாஸ் போய் ஒரு நீலகிரித் தைல மரக் கிளையை வெட்டிக்கொண்டு வந்து இரண்டாவது கம்பமாக நட்டான். சேற்றில் முளை அடித்தால் நிற்கவில்லை, அடிக்க அடிக்க உள்ளே போய் மறைகிறது. கடைசியில் ஒரு மூலைக் கயிற்றை அம்மிக்கல்லில் கட்டினோம். "பாத்தீங்களா, அம்மி எதுக்குன்னு கேட்டீங்களே!" என்று சரசு மழையைவிடச் சத்தமாகக் கேட்டாள். நான் காது கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

டென்ட் எழுந்து நின்றதும் பெருமையாக எட்டிப் போய் நின்று பார்த்தேன் மச்சான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கூரையின் இரண்டு பக்கமும் வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் ஆள் உயரத்துக்குச் சிவப்பாக ஒரு பெரிய சிலுவைக் குறி. மடிப்பில் சிவப்பாகத் தெரிந்ததைத் துருக்கறை என்று நினைத்திருந்தேன். ஆபீசர்கள் படுத்தது உண்மைதான், ஆனால் காயம்பட்டுப் படுத்திருக்கிறார்கள். நான் வாங்கி வந்தது பட்டாளத்து ஆஸ்பத்திரி டென்ட். "சூப்பர், மேன்! யுத்தம் வந்தாக்கூட நம்ம மேல குண்டு போட மாட்டான்" என்றார் ஓஸ்வால்ட். குண்டு வரவில்லை. ஊர் வந்தது. ஸ்டவ்வைப் பற்ற வைத்துச் சரசு உலை வைப்பதற்குள், ஏரிக்கரை மேலே தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு வரிசையாக ஆட்கள். "டாக்டரு பந்தவ்ரே! டாக்டரு பந்தவ்ரே!" டாக்டர் வந்துவிட்டாராம்! முன்னால் வந்த பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நேராக ஓஸ்வால்ட் முன் போய் நின்று வாயை ஆவென்று திறந்தார். ஏன் அவரிடம் போனார் என்றால், ஓஸ்வால்ட் பேக்கரிக்காரர்கள் போடுகிற நீளமான வெள்ளைக் கோட்டைப் போட்டிருந்தார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில், நாங்கள் டாக்டர் இல்லை, சும்மா டென்ட் அடித்துத் தங்க வந்தவர்கள் என்று சொன்னேன். பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: "எல்லா டாக்டரும் மொதல்ல அப்படித்தான் சொல்றாங்க. அப்புறம் ஊசி எடுக்கறாங்க. இந்த மழையில, வீடு வாசல் இருக்கறவங்க சும்மா வந்து சேத்துல ஒக்காருவாங்களா?" இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் இப்போதும் முடியவில்லை.

ஓஸ்வால்டோ, அந்த மனுஷனுக்கு இதில் குஷி பிறந்துவிட்டது. "நாக்க நீட்டு" என்கிறார், "ம்ம்ம்" என்கிறார், கையில் ஒரு பன்னைக் கொடுத்து, "மென்னு சாப்புடு, டீல முக்கி" என்கிறார். அத்திபெலேக்குப் போக வேண்டிய பன் தட்டு ஒவ்வொன்றாகக் காலியாகிறது. செண்பகம் வந்தாள் பாருங்கள்! "அங்கிள், வெளையாட்டு போதும். வலின்னு வந்தவங்கள ஏமாத்தினா பாவம்" என்று ஒரு அதட்டல் போட்டாள். ஓஸ்வால்ட் கோட்டைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டார். அவள் கூட்டத்தைப் பார்த்து, நான் டாக்டர் இல்லை, நர்ஸ் வேலை படிக்கிறேன், மருந்து இல்லை, புண் இருந்தால் கழுவிக் கட்டுகிறேன், மற்றதற்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கன்னடத்தில் தெளிவாகச் சொன்னாள். அரிசி வேக வேண்டிய தண்ணீர் புண் கழுவப் போயிற்று. பெரியவருக்கு உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னாள். தாஸ் ஒவ்வொரு குண்டானாக வெந்நீர் தூக்கிக்கொண்டு வந்து, கேட்காமலே நீட்டிக்கொண்டிருந்தான். எங்களுக்குச் சாப்பாடு இல்லை, உடம்பில் காய்ந்த துணி இல்லை, ஆனால் ஒருத்தருக்கும் அது ஞாபகமே வரவில்லை மச்சான். திருவிழாக் கடை போட்டது மாதிரி இருந்தது.

சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு ஒரு மாட்டு வண்டி வந்தது. அதோடு எங்கள் சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. வண்டியில் எல்லம்மா என்று ஒரு பெண், தலைப் பிரசவம், காலையிலிருந்து வலி. பக்கத்தில் அவள் மாமியார். அத்திபெலேயில் பிரசவம் பார்க்கிற அம்மாவிடம் கொண்டுபோகக் கிளம்பியிருக்கிறார்கள். வழியில் ஓடை பெருகிப் பாலத்தை மூடிவிட்டது, திரும்பி வரும்போது எங்கள் டென்ட்டின் குறியைப் பார்த்திருக்கிறார்கள். அவள் புருஷன் சேற்றில் அப்படியே உட்கார்ந்து செண்பகத்தைக் கும்பிட்டான். வேனோ சேற்றில். செண்பகத்தின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. "மாமா, நான் கூட இருந்துதான் பாத்திருக்கேன். தனியா ஒண்ணுகூட பாத்ததில்ல" என்று என் காதோடு சொன்னாள். எல்லம்மா வண்டியிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள். அவ்வளவுதான், செண்பகம் கோட்டுக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். "அக்கா, காஞ்ச சேலை எல்லாம் எடு. மாமா, ஒங்க புது பிளேடு, நூலு, ரெண்டையும் கொதிக்கிற தண்ணியில போடுங்க. ஆம்பளைங்க எல்லாரும் வெளியில. வள்ளி, நீ ஓஸ்வால்ட் அங்கிளோட வேன்ல ஒக்காரு." நான் பாக்டரியில் எத்தனையோ மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு அதிகாரக் குரலைக் கேட்டதில்லை. ஓடினேன்.

நடுவில் சரசுவின் சேலையைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் எல்லம்மாவைப் படுக்க வைத்தார்கள். நாங்கள் வெளியே மழையில் நிற்கிறோம். காற்று ஏரியிலிருந்து ஒரு சுற்று வந்து அடித்தது. உள்ளே 'படக்' என்று ஒரு முறிவு. தாஸ் நட்ட நீலகிரிக் கம்பம்! டென்ட்டின் பாதி அப்படியே தொய்ந்து உள்ளே இருப்பவர்கள் மேல் இறங்குகிறது. செண்பகம் கத்தினாள்: "ஒயரமான ஆளு யாராச்சும் உள்ள வாங்க! கண்ண மூடிக்கிட்டு வாங்க!" நாங்கள் எல்லோரும் தாஸை அண்ணாந்து பார்த்தோம். அவனுக்கு முகம் எல்லம்மா புருஷன் முகத்தைவிட வெளுத்திருந்தது. ஆனால் போனான் மச்சான். சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு போய், முறியாமல் நின்ற நல்ல கம்பத்தில் நெற்றியை ஒரு மோது மோதிக்கொண்டு, அப்புறம் தடவித் தடவி, முறிந்த கம்பைக் கையில் உயர்த்திக் கூரையைத் தூக்கினான். டென்ட் எழுந்து நின்றது. ஒருமுறை படுதாவின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். திரைக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையும் தலைக்கு மேலே, கண் இறுக மூடி, சட்டைக் கைக்குள் மழைத் தண்ணீர் ஓடி இடுப்பு வழியாக வழிய, சிலை மாதிரி நின்றான். நான் வரவா, கொஞ்ச நேரம் மாற்றிப் பிடிக்கிறேன் என்று கூப்பிட்டேன். "பரவால்ல" என்றான்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. மழைச் சத்தம், உள்ளே எல்லம்மாவின் சத்தம், செண்பகத்தின் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் தாயி" என்ற சத்தம். பிறகு எல்லாம் நின்றுவிட்டது. மழைகூட நின்றுவிட்டது போலிருந்தது. குழந்தை வந்துவிட்டது என்று மாமியார் சொன்னது கேட்டது, அழுகை கேட்கவில்லை. எல்லம்மா புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஓஸ்வால்ட் வேனிலிருந்து இறங்கி வந்து, சேற்றில் தன் முட்டியை மடக்கி நின்று சிலுவைக் குறி போட்டார். உள்ளே பாதத்தில் தட்டுகிற சத்தம். மறுபடியும் தட்டுகிற சத்தம். செண்பகம் ஏதோ கெஞ்சுகிற மாதிரி முணுமுணுத்தாள். அப்புறம் பாருங்கள், பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னக் கீச்சு. அடுத்த நொடி அது கீச்சு இல்லை, பாக்டரிச் சங்கு! "ஹெண்ணு மகு! ஹெண்ணு மகு!" என்று மாமியார் கூவினாள், பெண் குழந்தை! பல்வலிப் பெரியவர் கன்னத்தைப் பிடிக்க மறந்து ஆடினார். ஓஸ்வால்ட் மிச்சமிருந்த பன்னை எல்லாம் தட்டோடு தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கக் கொடுத்தார். நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை, வண்டி மாடாகக்கூட இருக்கலாம். டென்ட்டுக்குள்ளிருந்து இன்னொரு அழுகைச் சத்தம் கேட்டது. இரட்டைக் குழந்தையோ என்று பயந்தேன். தாஸ்தான். கம்பத்தைப் பிடித்தபடியே, கண்ணை மூடியபடியே அழுதுகொண்டிருந்தான்.

அவன் வெளியே வந்ததும் பார்த்தேன், இரண்டு மணிக்கட்டும் தோல் சிவந்து தடித்துப் போயிருந்தன. அந்தக் கையை எடுத்து நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன் மச்சான், பொய் சொல்லவில்லை. ராத்திரி எல்லம்மாவுக்கும் குழந்தைக்கும் டென்ட்டை விட்டுவிட்டு நாங்கள் வேனுக்குள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தோம். காலையில் ஊர்க்காரர்கள் மாடு பூட்டி வேனைச் சேற்றிலிருந்து பிடுங்கினார்கள். கேழ்வரகு மாவு ஒரு மூட்டை, பூசணிக்காய், ஒரு கோழி எல்லாம் ஏற்றினார்கள். கோழி வழி முழுக்க ஓஸ்வால்ட் தலைமேல்தான் உட்கார்ந்து வந்தது. டென்ட்டை அவர்கள் டேரெ என்கிறார்கள், அதில் பிறந்ததால் குழந்தைக்கு டேரம்மா என்று பேர் வைப்பதாகச் சொன்னார்கள். தாயும் குழந்தையும் நலம். டென்ட்டை அங்கேயே விட்டு வந்தோம், குழந்தையின் வீட்டுக் கூரையும் ஒழுகுகிறதாம். எங்கள் கூரையும் இன்னும் ஒழுகுகிறது. சரசு அதைப்பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துவையல் அரைக்கும்போது மட்டும் சிரித்துக்கொள்கிறாள்.

ஆகையால் மச்சான், தாங்கள் பார்க்கச் சொன்னதைப் பார்த்துவிட்டேன். இந்தப் பையனின் நெஞ்சு உரத்தையும் அஞ்சாமையையும் என் கண்ணால் கண்டேன். ஓடிப்போக எல்லா வசதியும் இருந்தும், யாரும் பிடித்து நிறுத்தாமலே, தானாக நின்றவன். வாய் பேசாதவன்தான், ஆனால் பேச வேண்டிய நேரத்தில் கை பேசியது. மேஸ்திரி மகனுக்கு வேறு நல்ல இடம் அமையட்டும். தாங்கள் பெரிய மனது வைத்து, செண்பகத்தை தாஸுக்குக் கொடுக்கச் சம்மதம் தெரிவித்து உடனே எழுதும்படி மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

சந்திரம்மா அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு எங்கள் எல்லோருடைய ஆசியும் முத்தமும். சுரங்கத்துக்குள் இறங்கும்போது தலைத்துணியைக் கட்டிக்கொண்டு இறங்கவும், இது ஜலதோஷக் காலம். தங்கள் வீட்டில் விளக்கும் சிரிப்பும் எப்போதும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத
வெங்கடசாமி

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை உறையில் போடும் முன், எழுதினது சரியாக இருக்கிறதா என்று வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தாஸும் வந்திருந்தான். 'தானாக நின்றவன்' என்ற இடம் வந்ததும் செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாஸ் எழுந்து நின்று, அவன் ஆயுளிலேயே நீளமான பேச்சைப் பேசினான்: "அண்ணே, அது அப்படி இல்லண்ணே. மொதல் சத்தம் கேட்டதுமே நான் கம்பத்தப் போட்டுட்டு ஓடப் பாத்தேன். செண்பகம்தான் பேண்டேஜ் துணிய எடுத்து ரெண்டு கையையும் கம்பத்தோட வச்சுக் கட்டிட்டாங்க. அந்த அம்மா வலியில கத்தினாங்க, நான் பயத்துல கத்தாம நின்னேன், அவ்ளோதான்." நான் செண்பகத்தைப் பார்த்தேன். "ஆமா மாமா, நான்தான் கட்டினேன். பிரசவம் முடிஞ்சதும் அவுத்து வுடட்டுமான்னு கேட்டேன். 'பரவால்ல, இருக்கட்டும்'னாரு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். அண்ணனுக்குச் சம்மதம் கேட்டு எழுதாதீங்க, தேதி கேட்டு எழுதுங்க. கட்டினது கட்டினதுதான்" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். ஆகையால் மச்சான், மேலே நெஞ்சு உரம், அஞ்சாமை என்று வருகிற வரிகளையும், பணிந்து சம்மதம் கேட்ட வரியையும் அடித்துவிட்டுப் படிக்கவும். தை மாதத்தில் எந்த நாள் தங்களுக்கு லீவு கிடைக்கும் என்பதை மட்டும் எழுதவும்.